பிணை நின்ற ஊர்

தோட்டமும் சந்தையும் வளர்த்த சுன்னாகத்தில் வங்கி வேரூன்றிய கதை, காங்கேசன்துறை வீதிக் கட்டடங்களுக்கு வெகு முன்னரே தொடங்குகிறது. ஒற்றி உறுதி, ஐக்கிய நாணய சங்கம், அடகு ரசீது, நுண்கடன் அட்டை என்று நூறாண்டுக்கும் மேலாக நீளும் அந்தக் கதையைச் சொல்கிறது இந்தச் சிறப்புக் கட்டுரை.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் வடக்கே போனால் பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் சுன்னாகம் வருகிறது. விடிவதற்கு முன்பே சந்தை விழித்துவிடும். சைக்கிள் கரியரில் கட்டிய கீரைக்கட்டு, லான்ட்மாஸ்டரில் ஏற்றிய வெங்காயச் சாக்கு, கத்தரிக்காய், மரவள்ளி, வாழைக்குலை என்று வலிகாமத்துத் தோட்டங்களின் விளைச்சல் அங்கே வந்து இறங்கும். விலை பேசி, நிறுத்து, காசு கைமாறி முடியும்போது வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில்தான் வங்கிகளும் கதவைத் திறக்கின்றன.

இலங்கை வங்கி, மக்கள் வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, ஹற்றன் நஷனல், கொமர்ஷல், சம்பத், செலான் என்று ஒரு பெருநகரத்துக்குரிய பெயர்ப்பலகைகள் இந்தச் சிறிய பட்டினத்தில் இருக்கின்றன. கால்நடையாகச் சில நிமிடங்களில் கடந்துவிடக்கூடிய கடைத்தெருவுக்கு இத்தனை வங்கிகள் ஏன் வந்தன? ஊரின் மண்ணிலும் தண்ணீரிலும் அதற்குப் பதில் இருக்கிறது. வலிகாமத்தின் செம்மண்ணும், அதன் கீழே சுண்ணாம்புப் பாறை தேக்கி வைத்திருக்கும் கிணற்று நீரும், ஒரு பரப்புக் காணியிலும் காசு விளைவிக்க வழி செய்தன. 1902இல் யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. 1905இல் அந்தப் பாதை தெற்கோடு இணைந்தது. சுன்னாகம் ரயில் நிலையத்தில் ஏற்றிய பொருள் கொழும்பு வரை போக முடிந்தது.

தோட்டக்காரனின் காசுக்கு ஓர் இயல்பு உண்டு. விதை, பசளை, கூலி, நீரிறைப்பு என்று செலவெல்லாம் முதலில் வரும். வரவு மாதங்கள் கழித்தே வரும். அதுவும் சந்தை விலையைப் பொறுத்தது. யாழ்ப்பாணச் சந்தைகளில் நூறு கிலோ கொண்டுவந்தால் பத்துக் கிலோவைக் கழிவென்று தள்ளிவிடும் வழக்கத்தை எதிர்த்து விவசாயிகள் நீண்டகாலமாகக் குரல் கொடுத்து வந்திருக்கிறார்கள். நட்ட நாளுக்கும் விற்ற நாளுக்கும் இடையிலான இந்த இடைவெளியை யார் நிரப்புவது என்பதே இந்த ஊரின் வங்கி வரலாறு.

ஒற்றிக் காணியும் கைமாற்றும்

வங்கி வருவதற்கு முன் கடனுக்குத் தெரிந்த வழி காணிதான். ஒல்லாந்தர் காலத்தில் ஆளுநர் சைமன்ஸ் பணித்தபடி, யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைத் தொகுத்தார். உள்ளூர் முதலியார்கள் 12 பேர் அதைப் படித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தொகுப்பில் ஒற்றி பற்றிய வழமை விரிவாக இடம்பெற்றிருக்கிறது. கடன் கொடுத்தவர் காணியைத் தன் கையில் எடுத்துக்கொள்வார். அதன் விளைச்சலே அவருக்கு வட்டி. கடன் பட்டவர் முதலைத் திருப்பிக் கொடுத்துக் காணியை மீட்க வேண்டும். எந்தப் பயிர் நிலத்தை எந்தக் காலத்தில் மீட்கலாம் என்பதற்கும் வழமை இருந்தது.

ஒற்றியில் ஒரு நியாயம் உண்டு. வட்டி குட்டி போட்டு முதலை விழுங்குவதில்லை. ஆனால் கடனை அடைப்பதற்குத் தேவையான நிலமே கடன்காரரின் கையில் இல்லாமல் போகிறது. உழைத்துச் சம்பாதிக்கும் கருவியைக் கொடுத்துவிட்டு, அதே கருவியை மீட்கச் சம்பாதிக்க வேண்டிய நிலை அது. மீட்க முடியாதவர்களுக்கு அடுத்த படி அறுதி உறுதி. அதோடு காணி கைவிட்டுப் போகும்.

அயலுக்குள் கைமாற்றும் சீட்டும் நடந்தன. மலாயாவில் ரயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் வேலை பார்த்துத் திரும்பிய பென்சன்காரர்களின் காசு ஊருக்குள் ஓடியது. பெருந்தொகை வேண்டியவர்கள் செட்டிமாரிடம் போனார்கள். கொழும்பில் இருந்த ஆங்கில வங்கிகள் தேயிலைக்கும் கப்பலுக்கும் கடன் கொடுத்தனவே தவிர, ஒரு வெங்காயத் தோட்டத்துக்காகத் தங்கள் பேரேட்டைத் திறக்கவில்லை. இந்தக் குறையை ஆராய 1934இல் அமைக்கப்பட்ட வங்கி ஆணைக்குழுவுக்கு, பம்பாயில் ‘சென்ட்ரல் பாங்க் ஒஃப் இந்தியா’ என்ற வங்கியை நிறுவிய சொராப்ஜி போச்கனாவாலா தலைமை தாங்கினார். அதன் பயனாக 1939 ஓகஸ்ட்டில் இலங்கை வங்கி திறக்கப்பட்டது. ஆனால் கிராமத்து மக்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

பத்துப் பேர் இட்ட கையெழுத்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஜெர்மனியில் ரைபைசன் என்ற கிராமத் தலைவர் ஒரு வழி கண்டார். தனித்தனியாக நின்றால் ஏழை விவசாயியை எந்த வங்கியும் நம்பாது. ஊரார் கூடி ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றால் அந்த ஊரையே நம்பலாம். சென்னை மாகாணத்தில் பிரெடரிக் நிக்கல்சன் 1890களில் இதை ஆராய்ந்து அறிக்கை தந்தார். 1904இல் இந்தியாவில் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூரை அடுத்த திரூரில் சென்னை மாகாணத்தின் முதல் கிராமக் கூட்டுறவுக் கடன் சங்கம் எழுந்தது. இலங்கையில் 1911ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதே வழியைத் திறந்தது.

யாழ்ப்பாணக் குடாநாடு இந்த வழியை இறுகப் பற்றிக்கொண்டது. ஐக்கிய நாணய சங்கம் என்று அவற்றை அழைத்தார்கள். பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம். எந்த அங்கத்தவர் கடனைக் கட்டத் தவறினாலும் மற்றவர்கள் எல்லையின்றிப் பொறுப்பாளிகள். ஆகவே, கடன் கேட்பவர் குடிகாரரா, உழைப்பாளியா, கேட்ட காசு பசளைக்குத்தான் போகுமா என்பதை அயலவர்களே எடைபோட்டார்கள். பெரும்பாலும் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் சம்பளம் வாங்காமல் செயலாளராக இருந்து கணக்கெழுதினார். தனிக் கட்டடம் என்று எதுவும் இல்லை. பள்ளிக்கூட விறாந்தையோ வாசிகசாலைத் திண்ணையோ போதுமானதாக இருந்தது.

சங்கங்கள் பெருகியபோது அவற்றுக்கே ஒரு வங்கி தேவைப்பட்டது. மிஞ்சிய காசை ஓரிடத்தில் சேர்த்து, தட்டுப்பாடுள்ள சங்கத்துக்குக் கொடுக்க வேண்டும். 1929இல் யாழ்ப்பாணக் கூட்டுறவு மாகாண வங்கி அந்தப் பணிக்காகவே உருவானது. இலங்கை வங்கி பிறப்பதற்குப் பத்தாண்டுகள் முன்பு நடந்த செயல் இது. கொழும்பின் உத்தரவுக்கோ இலண்டனின் மூலதனத்துக்கோ காத்திராமல், புகையிலையும் வெங்காயமும் விற்ற காசில் குடாநாட்டு மக்கள் தங்களுக்கென்று ஒரு வங்கியை நிறுவிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தார் சாதித்தவற்றைப் பட்டியலிடும்போது பள்ளிக்கூடங்களைச் சொல்கிறோம், கோயில்களைச் சொல்கிறோம். இந்த வங்கியையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அந்த நம்பிக்கையிலிருந்து மற்றவையும் கிளைத்தன. 1934இல் மலையாளப் புகையிலை விற்பனைச் சங்கம் வந்தது. திருவிதாங்கூர்ச் சந்தைக்குப் போன புகையிலையை விவசாயிகளே சேர்ந்து விற்க அது வழி செய்தது. மூளாயில் கூட்டுறவு ஆஸ்பத்திரி எழுந்தது. மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபராக இருந்த வீ. வீரசிங்கம் இந்த இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர். யாழ்ப்பாணத்தில் அவர் பெயர் தாங்கி நிற்கும் மண்டபம் கூட்டுறவாளர்களின் சொத்து. 1974 ஜனவரியில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு உலகெங்குமிருந்து வந்த அறிஞர்கள் கூடியது அந்த மண்டபத்தில்தான். சங்க அங்கத்தவர்கள் சதம் சதமாகச் சேர்த்த இயக்கம், தமிழ் ஆய்வுலகுக்கே கூரை தந்தது.

பெண்களின் வங்கி

1961 ஜூலையில் மக்கள் வங்கி திறக்கப்பட்டது. அவ்வாண்டின் 29ஆம் இலக்கச் சட்டம், 1949இல் தொடங்கிய கூட்டுறவுச் சமாசங்களின் மத்திய வங்கியை இந்தப் புதிய அரச வங்கிக்குள் சேர்த்தது. இலங்கை வங்கியும் அதே ஆண்டில் அரசுடைமையானது. 1964 முதல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களுக்குள் கிராமிய வங்கிகள் தொடங்கின. சங்கக்கடையில் சீனி வாங்கப் போனவர் அங்கேயே பத்து ரூபாவைச் சேமிப்பில் போட முடிந்தது.

அரச வங்கி ஊருக்குள் வந்ததால் நன்மை பெரிது. வைப்புக்கு அரசின் பாதுகாப்பு இருந்தது. சுன்னாகத்தில் போட்ட காசைக் கொழும்பில் படிக்கும் பிள்ளைக்கு அனுப்ப முடிந்தது. ஆனால் ஒரு முடிவெடுக்கும் உரிமை கைமாறியது. யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை இனி ஊர்ச் சங்கம் தீர்மானிக்காது. இடமாற்றத்தில் வந்து போகும் முகாமையாளர் தீர்மானிப்பார். அவருக்கு ஊராரைத் தெரியாது. ஆகவே சம்பளப் பத்திரமும் காணி உறுதியும் அரச உத்தியோகத்தர் இருவரின் பிணையும் கேட்டார்.

அந்தக் கதவு அடைபட்டிருந்தவர்களுக்கு இன்னொரு கதவு திறந்திருந்தது. 1960களில் மக்கள் வங்கி அடகுச் சேவையைத் தொடங்கியது. அதன் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்ள மீண்டும் 1911க்குப் போக வேண்டும். கூட்டுறவுக் கடன் சட்டம் வந்த அதே ஆண்டில்தான் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டமும் வந்தது. அதன்படி, தேசவழமைக்குட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள காணியை ஈடுவைக்கவோ விற்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதனமாக வந்த காணியும் இதற்கு விலக்கல்ல. ஆனால் கழுத்திலும் கையிலும் கிடக்கும் நகைக்கு அந்தத் தடை இல்லை. காப்பையோ சங்கிலியையோ கொண்டுபோனால், அவள் பெயரில், அவள் கையெழுத்தில், அன்றைக்கே காசு கிடைக்கும்.

அதனால் அடகுப் பகுதி இந்தக் குடாநாட்டுப் பெண்களின் வங்கியாக இருந்தது. பள்ளிக்கட்டணம், பிரசவச் செலவு, தோட்டத்துக்குப் பசளை, மகனின் பயணச் செலவு என்று எத்தனையோ குடும்பங்களின் திருப்பங்கள் அந்தக் கம்பிக் கவுண்டரில்தான் நடந்தன. அடகு வைப்பதை மானக்கேடாகப் பார்க்கும் ஊர் மனம், அது ஒரு பெண் தனியாக எடுக்கக்கூடிய பொருளாதார முடிவாக இருந்ததைக் கவனிக்கத் தவறிவிட்டது.

மிளகாயும் வெங்காயமும் தந்த காலம்

1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதிகளை இறுக்கியது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருவது நின்றபோது, குடாநாட்டுத் தோட்டங்களின் விளைச்சலுக்கு நாடு முழுவதும் கேள்வி எழுந்தது. கல்வீடுகள் எழுந்தன, நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன, உழவு இயந்திரங்கள் ஓடின. அரச வேலை கிடைக்காத படித்த இளைஞர்கள் தோட்டத்தில் இறங்கினார்கள்.

அதே 1970இன் ஒக்டோபரில் நிதியமைச்சர் என்.எம். பெரேரா 50, 100 ரூபா நோட்டுகளைச் செல்லாதவையாக்கினார். வைத்திருந்தவர்கள் அவற்றை வங்கியில் ஒப்படைக்க வேண்டியிருந்தது. வீட்டுப் பெட்டகத்தை நம்பியவர்களுக்கு அது ஓர் அதிர்ச்சி. கணக்குப் புத்தகம் என்பது உத்தியோகத்தருக்கு மட்டுமான பொருள் என்ற எண்ணம் தளர்ந்தது. பயிர்க்கடன், வைப்பு, அடகு மூன்றும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கும் வங்கிக்கு, சந்தைப் பட்டினமான சுன்னாகம் மிகப் பொருத்தமான இடமாயிற்று. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது விலை சரிந்தது. அந்தச் சரிவு எத்தனை பயிர்க்கடன்களை முறித்தது என்பது அக்காலப் பேரேடுகளுக்குத்தான் தெரியும்.

இடம்பெயர்ந்த கணக்குகள்

அதன்பின் வந்த காலம் வங்கியின் அடிப்படையையே ஆட்டியது. 1981 மார்ச்சில் நீர்வேலியில் மக்கள் வங்கியின் பண வாகனம் மறித்துக் கொள்ளையிடப்பட்டது. வங்கிக்குக் காசு கொண்டுவருவதே உயிர் பணயம் வைக்கும் வேலையானது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடை இறுகியது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் தோட்டங்கள் வாடின.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு தொடங்கி, வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தது. மழையில் நடந்த அந்த மக்கள் என்னென்ன எடுத்துச் சென்றார்கள் என்று கேட்டால், பலரும் ஒரே பட்டியலைச் சொல்வார்கள்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், நகை. வீட்டை விட்டுப் போகிறவர்கள் திரும்பி வந்து உரிமை கேட்பதற்கான சாட்சிகள் அவை. 1996இல் வலிகாமத்துக்கு மக்கள் திரும்பியபோது பல வீடுகளுக்குக் கூரை இல்லை. கையில் இருந்த அந்தப் புத்தகத்தில் கணக்கு இருந்தது.

ஆனால் நகையை அடகு வைத்த எல்லோருக்கும் கணக்கு அப்படி எஞ்சவில்லை. 1994இல் விடுதலைப் புலிகள் தொடங்கிய தமிழீழ வைப்பகத்திலும் மக்கள் நகைகளை அடகு வைத்திருந்தார்கள். போர் முடிந்தபின் இராணுவத்தின் வசம் இருந்த நகைகளில் ஒரு பகுதி 2025 மே மாதத்தில் பொலிஸாரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒவ்வொரு நகைக்கும் ஒரு சொந்தக்காரி இருக்கிறாள். வைத்தவருக்கு ரசீதும், வாங்கியவருக்குப் பேரேடும், இரண்டையும் பொருத்திப் பார்க்க ஒரு நிறுவனமும் எஞ்சியிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று அழிந்தாலும் தங்கம் பெயரற்றதாகிவிடுகிறது.

கண்ணாடிக் கதவுகளும் நுண்கடனும்

2009க்குப் பின் தனியார் வங்கிகள் வடக்கே விரைந்து வந்தன. காங்கேசன்துறை வீதியில் கண்ணாடி முகப்பும் குளிரூட்டியும் ஏரிஎம்மும் கொண்ட கிளைகள் எழுந்தன. 2015 ஜனவரியில் ரயில் மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடியது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பும் காசு, வங்கிகளுக்குப் பெரிய கவர்ச்சி. வைப்பு வாங்க எல்லோரும் வந்தார்கள். ஆனால் கால் ஏக்கர் தோட்டம் செய்யும் குடும்பத்துக்குக் கடன் கொடுக்க அதே வேகத்தில் யாரும் வரவில்லை.

அந்த வெற்றிடத்தில் புகுந்தவை நுண்கடன் கம்பனிகள். கணவனை இழந்த பெண்களும் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்களும் நிறைந்த ஊர்களில், மோட்டார் சைக்கிளில் வந்து வீட்டு முற்றத்திலேயே கடன் கொடுத்தார்கள். ஐந்தாறு பெண்களைக் குழுவாக்கி, ஒருவர் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்றார்கள். வட்டியோ மிக உயர்ந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று வலை இறுகியது. 2018இல் அரசு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்யும் அளவுக்கு நிலைமை முற்றியது.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். பழைய ஐக்கிய நாணய சங்கத்திலும் அயலவர் அயலவருக்குப் பிணை நின்றார்கள். நுண்கடன் குழுவிலும் அதுதான் நடந்தது. ஆனால் சங்கத்தில் பிணை நின்றவர்களே சங்கத்தின் சொந்தக்காரர்கள். வட்டியை அவர்களே கூட்டத்தில் தீர்மானித்தார்கள். மிச்சம் ஊரிலேயே தங்கி அடுத்த விவசாயிக்குப் போனது. நுண்கடனில் பொறுப்பு மட்டும் ஊருக்கு, இலாபம் வேறெங்கோ. நூறாண்டுக்கு முன் ஏழையைக் காப்பாற்றிய கருவியே, உரிமை நீங்கியதும் ஏழையின் கழுத்தில் கயிறானது.

2022இன் பொருளாதார நெருக்கடி இந்த உண்மையை மீண்டும் காட்டியது. அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகத் தாவியது. நீரிறைக்கும் இயந்திரத்தை நம்பிய தோட்டக்காரனுக்கு அது ஒரே நாளில் விழுந்த அடி. அப்படிப்பட்ட நாளில் அவனுக்குத் தேவைப்பட்டது ஒரு போகத்துக்கான சிறு கடன், நியாயமான வட்டி, அவனைத் தெரிந்த ஒருவர். வீதியில் வங்கிகள் வரிசையாக நின்றும் அந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிதாகவே இருந்தது.

செய்ய வேண்டியவை

முதல் வேலை, காகிதங்களைக் காப்பது. கடன் சங்கங்களின் கூட்டக் குறிப்புப் புத்தகங்கள், அங்கத்தவர் இடாப்புகள், பழைய பாஸ் புத்தகங்கள், கிளைத் திறப்பு விழா மலர்கள் இன்னும் வீட்டு அலுமாரிகளிலும் சங்கக் களஞ்சியங்களிலும் கிடக்கக்கூடும். கறையானும் மழையும் இடப்பெயர்வும் தின்று மிஞ்சியவை அவை. சுன்னாகம் எழுத்தைப் பேணத் தெரிந்த ஊர். அ. குமாரசுவாமிப் புலவர் பிறந்து ஏடுகளைப் பதிப்பித்த ஊர். திருமகள் அழுத்தகம் நூல்களை அச்சிட்ட ஊர். 2005 முதல் ஈழத்து ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் இலக்கிய நூல்கள் போய்ச் சேர்வதைப் போல, கடன் சங்கக் கணக்குப் புத்தகங்களும் போய்ச் சேர வேண்டும். எந்த ஆண்டில் எந்தப் பயிருக்கு எவ்வளவு கடன், யார் பிணை, எப்போது அடைத்தார் என்ற வரிகளில்தான் சாதாரண மனிதர்களின் வரலாறு இருக்கிறது. அரசியல் தலைவர்களின் பேச்சில் அது கிடைக்காது. தனிமனிதர்களின் பெயர்களை மறைத்துப் பாதுகாப்பதற்கு வழிகள் உண்டு. அழிந்த புத்தகத்தை மீட்பதற்கு வழியே இல்லை.

இரண்டாவது, கட்டடங்கள். கூட்டுறவுச் சங்கங்களின் பழைய அலுவலகங்களும் களஞ்சியங்களும் நகரப் பெறுமதி ஏறும்போது முதலில் இடிபடுகின்றன. பிரதேச சபையும் சங்கங்களும் சேர்ந்து, எது எந்த ஆண்டில் யாருடைய நிதியில் எழுந்தது என்ற பட்டியலையாவது தயாரிக்க வேண்டும். இடிக்க நேர்ந்தாலும் படமும் வரைபடமும் எடுத்த பின்பே இடிக்க வேண்டும். பொதுச்சொத்து என்று சொல்லிக்கொண்டே அதன் கதையைத் தொலைப்பது, அதைக் கட்டியவர்களுக்குச் செய்யும் அநீதி.

மூன்றாவதும் முக்கியமானதும், அந்த முறையையே மீட்பது. கிராமத்து மக்களை நம்பலாம் என்று 1929இல் இந்தக் குடாநாடு செய்துகாட்டியது. அன்று இணையம் இல்லை, கணினி இல்லை, பெரும்பாலோரிடம் பெரிய படிப்பும் இல்லை. இன்று எல்லாம் இருக்கின்றன. ஐக்கிய நாணய சங்கங்களின் வழிவந்த சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்களுக்கு மூலதனமும் நேர்மையான கணக்காய்வும் கிடைத்தால், அரசியல் தலையீடு விலகினால், கிடைக்கும் வட்டி ஊரிலேயே தங்கும் கடனை மறுபடியும் உருவாக்க முடியும். சுன்னாகத்தில் வைப்பாகச் சேரும் காசில் எத்தனை பங்கு சுன்னாகத்துத் தோட்டங்களுக்கும் சிறு கடைகளுக்கும் கடனாகத் திரும்புகிறது என்பதை ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று மக்கள் கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை, தங்கள் பெயரைப் பிணையாக எழுதி முதல் வங்கியைக் கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நிச்சயமாக உண்டு.